கித்தாவுக்கும் ஒரு மூக்கு உண்டு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குக் கொடுத்திருப்பது கால் மணி நேரம். "அறிவியல்ல ஏதாவது பேசுங்க டீச்சர். ஆனா பாட்டிக்கும் புரியணும், பேரனுக்கும் புரியணும்" என்பது தலைமையாசிரியர் கட்டளை. ஆகவே நம் எல்லாருக்கும் தெரிந்த கித்தாவிலிருந்தே தொடங்குகிறேன்.

மேடை ஓரத்து மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. நேற்று மாலை ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் போட்டு வைத்தார்கள். இன்று காலை பார்த்தால் தண்ணீரில் கிடந்த வளையம் போட்டது போட்டபடியே இருக்கிறது. மண்ணெண்ணெயில் கிடந்தது தடித்து, நீண்டு, கையில் எடுத்தால் வழவழவென்று ஆகிவிட்டது. "டீச்சர், இது மண்ணெண்ணெயக் குடிச்சிட்டு ஊதிப்போச்சு!" என்றான் ஒரு பையன். சிரித்தோம். ஆனால் அவன் சொன்னதுதான் இன்றைய என் பேச்சு முழுவதும். அதற்குமேல் நான் சொல்லப்போவது கொஞ்சம்தான்.

கித்தாப் பாலில் இருக்கும் ரப்பர் எப்படிப்பட்டது? ஐசோப்ரீன் என்ற ஒரு சிறு மணி, அதே மணி, அதே மணி என்று ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சரம். இப்படிக் கோத்த சரங்களைத்தான் பாலிமர் என்கிறார்கள். பிளாஸ்டிக் பையும் பாலிமர், நைலான் கயிறும் பாலிமர், மீன் வலையும் பாலிமர். ரப்பரில் இந்தச் சரங்கள் கூடையில் கொட்டிய பூச்சரம் போலச் சிக்கிக் கிடக்கின்றன. இடையிடையே சந்து இருக்கிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் போன்றவற்றின் அணுத்திரள்கள் ரப்பருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. சந்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். சரங்கள் விலகிக் கொடுக்கும். ரப்பர் ஊதும். தண்ணீர் ரப்பருக்கு அந்நியர். வாசலோடு நின்றுவிடும். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணன் 'சலூசன்' தடவுகிறாரே, அது இந்த மாதிரி எண்ணெயில் கரைத்த ரப்பர்தான்.

மண்ணெண்ணெய் திரவமாக வந்தால்தான் ரப்பர் ஊதும் என்பதில்லை. அதன் ஆவி காற்றில் வந்தாலும் ஊதும். கொஞ்சமாக ஊதும், அவ்வளவே. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. பெருமைக்குரிய கதை அல்ல.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை முடியும் சமயம், பெற்றோர் சிலரும் நாங்களுமாகச் சேர்ந்து கோத்தோங் ரோயோங் செய்து மூன்றாம் ஆண்டு வகுப்பின் மேசை நாற்காலிகளுக்குச் சாயம் பூசினோம். மறுநாள் பள்ளி. இரவு மழை பெய்தது. சன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள். நான் காலை ஆறரைக்கே வந்து வகுப்பறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதத் தொடங்கிவிட்டேன். உள்ளே வரும்போது சாய நெடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அதாவது, போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

ஏழே முக்காலுக்கு ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், மண்டைய இடிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்குது" என்றாள். அன்று கணக்குச் சோதனை. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு என்றால் பயம். "எனக்கு ஒண்ணுமில்லையே! நடிக்காம உட்காரு" என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பாரத்தைக் கொடுக்க வந்த பணியாளர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "என்ன டீச்சர், இந்த நெடியில எப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். எனக்கு எந்த நெடியும் தெரியவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனோம். ஐந்து நிமிடம் திடலில் நின்றுவிட்டு நான் மறுபடி வகுப்பறைக்குள் தலையை நீட்டினேன். முகத்தில் அறைந்த மாதிரி அடித்தது தின்னர் வாடை. நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதற்குள்ளேதான் இருந்திருக்கிறேன்.

மூக்கு அயர்ந்துபோகும். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் அதை மூளை கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். பால் கொட்டகையில் வேலை செய்கிறவருக்கு அந்த வாடை தெரிவதில்லை, விருந்தாளிக்குத் தெரிகிறது. பன்றிக் கொட்டகைப் பக்கம் குடியிருப்பவரும் அப்படியே. இது மூக்கின் குற்றமில்லை, புதிதாக வருவதைக் கவனிக்க அது வைத்திருக்கும் ஏற்பாடு. ஆனால் நஞ்சு விஷயத்தில் இந்த ஏற்பாடு நம்மைக் கைவிட்டுவிடும்.

இதைவிட மோசமானவையும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு, காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 100 பங்கை எட்டும்போது முகரும் நரம்பையே மரக்கச் செய்துவிடும். 'நாற்றம் போச்சு, இனி பயமில்லை' என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். செம்பனை ஆலைக் கழிவுக் குளங்களிலும் தொட்டிகளிலும் இந்த வாயு உண்டாகிறது. தம்பிமார்களே, மீன் பிடிக்கிறேன் பந்து எடுக்கிறேன் என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். பென்சீன் என்ற ஆவி வேறு ரகம். நீண்ட நாள் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரக்கூடும். அதன் வாசனை நம் மூக்குக்கு எட்டும்போது, வேலையிடங்களுக்கு நிர்ணயித்திருக்கும் பாதுகாப்பு எல்லையை அது ஏற்கனவே தாண்டியிருக்கும். சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது. தோம்பு ஒழுகினால் தெரியட்டும் என்றுதான் நாற்றமுள்ள பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். கோவிட் காலத்தில் எத்தனை பேருக்கு மோப்பம் போயிருந்தது! அவர்கள் வீட்டில் தோம்பு ஒழுகியிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

ஜொகூர் பாசிர் கூடாங்கில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அதிலிருந்து எழுந்த ஆவி பக்கத்துப் பள்ளிகளுக்குள் புகுந்தது. பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம். ஒரு வாரத்துக்குள் 111 பள்ளிகளை மூடவேண்டி வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அந்தக் காற்றில் பென்சீன், தொலுயீன், சைலீன் எல்லாம் இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு மறுபடியும் அதே கதி. தொலுயீனும் சைலீனும் யாரென்று நினைக்கிறீர்கள்? சாயத்துக்கு ஊற்றுகிற தின்னரில் பெரும்பாலும் இருப்பவை. என் வகுப்பறையில் இருந்ததற்கும் அங்கே ஆற்றில் வந்ததற்கும் உறவு இருக்கிறது, அளவுதான் வேறு.

பாசிர் கூடாங்கில் முதலில் ஆபத்தை அறிவித்தது எந்த இயந்திரமும் இல்லை. பிள்ளைகளின் நெஞ்சும் வயிறும்தான் அறிவித்தன. பழைய காலத்தில் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் கானரி என்ற சிறு மஞ்சள் குருவியைக் கூண்டில் வைத்து எடுத்துப் போவார்கள். வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு பரவினால் மனிதனுக்கு முன்னால் குருவி தள்ளாடி விழும். ஆட்கள் வெளியே ஓடுவார்கள். 1986-ஆம் ஆண்டில்தான் அங்கே குருவிகளுக்கு ஓய்வு கொடுத்துக் கருவிகளை வைத்தார்கள். குருவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளைக் கூண்டில் வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

சரி, ஜாடிக்கு வருவோம்.

கித்தாப் பால் வெள்ளை, டயர் மட்டும் ஏன் கறுப்பு? டயர் உறுதியாக இருப்பதற்காக ரப்பரோடு மிக நுண்ணிய கரித்தூளைக் கலக்கிறார்கள். ரப்பருக்கு மின்சாரம் பாயாது. கரிக்குப் பாயும். ரப்பர் போன்ற ஒரு பாலிமரில் போதிய கரித்தூளைக் கலந்து, இரண்டு சிறு உலோகத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய தோல் மாதிரிப் பூசினால், கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தொடர்பு வழியே மின்சாரம் ஓடும். நம் பள்ளித் திடலில் இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரை மாணவர்கள் கை கோத்து நின்று பந்தைக் கை மாற்றுகிற மாதிரி. இப்போது திடலே கொஞ்சம் அகன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைகள் எட்டாது. அங்கங்கே சங்கிலி அறுந்துபோகும். பந்து போய்ச் சேரத் திணறும்.

தின்னர் ஆவி அந்தத் தோலில் நுழைந்ததும் இதுதான் நடக்கிறது. பாலிமர் ஊதுகிறது, கரித்துகள்கள் விலகுகின்றன, மின்தடை ஏறுகிறது. ஏற்றத்தை அளக்க ஒரு சின்ன மீட்டர் போதும். ஆவி கூடினால் தடை கூடும். நல்ல காற்று வந்தால் ஆவி வெளியேறி, தோல் சுருங்கி, கைகள் மறுபடி கோத்துக்கொள்ளும். ஜாடியில் ஊதிய ரப்பர் வளையமேதான் இது. அதற்கு மின்சாரத்தால் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் மெல்லிய தோல்? வளையம் ஊத ஓர் இரவு ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் ஆபத்து வந்தால் ஓர் இரவு காத்திருக்க முடியுமா? ஆவி உள்ளே ஊறும் நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் கவனிக்கவும்: கனம் பாதியானால் நேரம் கால் பங்கு, கனம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்று. தலைமுடியின் பருமனை ஐம்பதாகக் கூறு போட்டு ஒரு கூறு எடுத்தால் எவ்வளவு கனமோ, ஏறக்குறைய அவ்வளவு மெலிதாகத் தோலைப் பூசுகிறார்கள். சில நொடிகளில் பதில் கிடைத்துவிடும்.

இந்தக் கரித்தூள் முறையை 1990-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் நாதன் லூயிஸ் என்ற வேதியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். அவர்களுக்கு முன்பே, 1982-இல், இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் என்ற இருவர் வேறு வகைப் பொருளைக் கொண்டு மின்னணு மூக்கு ஒன்றை அமைத்துக் காட்டியிருந்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். ரப்பர் தின்னருக்கும் ஊதும், பெட்ரோலுக்கும் ஊதும். வந்திருப்பது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்யாண வீட்டில் குழம்பு வைத்துவிட்டு நான்கு பெரியம்மாக்களைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வோம். ஒருவருக்கு உப்புதான் நாக்கில் படும். ஒருவர் புளியை மட்டும் சொல்வார். இன்னொருவர் எதைக் கொடுத்தாலும் காரம் என்பார். ஒருவர் பேச்சை வைத்துக் குழம்பைக் கண்டுபிடிக்க முடியாது. நால்வர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் அது வத்தக்குழம்பா, மீன் குழம்பா என்று தெரிந்துவிடும். அதேபோல ஒன்றல்ல, பத்துப் பதினாறு வகைப் பாலிமர்களை வரிசையாகப் பூசுகிறார்கள். ஒன்று எண்ணெய் ஜாதி ஆவிக்கு அதிகம் ஊதும். ஒன்று ஆல்கஹாலுக்கு ஊதும். ஒன்று ஈரத்துக்கு ஊதும். எல்லாம் சேர்ந்து ஒரு கோலம் போடுகின்றன. தொலுயீனுக்கு ஒரு கோலம், ஆல்கஹாலுக்கு வேறு கோலம். கோலத்தைப் பார்த்து ஆளைச் சொல்லக் கணினிக்குப் பழக்கிவிடுகிறார்கள். நம் மூக்கும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. சுமார் 400 வகை வாங்கிகள் அதில் உண்டு. அந்த வாங்கிகளைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1998-இல் அமெரிக்காவின் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் இப்படியொரு மூக்கு பறந்தது. 77 வயதில் ஜான் கிளென் மறுபடி விண்வெளி போனாரே, அதே பயணம்தான். எமி ரயன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு செய்த அந்தக் கருவியில் 16 வகைப் பாலிமரில் 32 தோல்கள் இருந்தன. விண்கலத்தில் சன்னலைத் திறக்க முடியுமா? உள்ளே ஏதாவது ஒழுகினால் எல்லாரும் அதையே சுவாசிக்கவேண்டும். அவர்களுடைய மூக்கும் என் மூக்கு மாதிரி அயர்ந்துதான் போகும். அதனால் அந்தக் கருவி. அதைச் சும்மா நம்பிவிடவும் இல்லை. தினமும் ஒரு முறை ஆல்கஹால் நனைத்த துணியை அதன் முன்னால் காட்டி, அது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தார்கள். நாம் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவோமே, 'இருக்கேன் டீச்சர்' என்று பதில் வருகிறதா என்று, அந்த மாதிரி. பின்னால் 2008-இல் இதன் மேம்பட்ட வடிவத்தை அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பல மாதங்கள் வேலை செய்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பாலிமர் தோலுக்கு ஈரக்காற்று ஒரு பெரிய தொல்லை. நீராவிக்கும் சில தோல்கள் ஊதும், நஞ்சு வந்துவிட்டதென்று ஏமாறும். நம் நாட்டில் மழை நாளில் துணியே காயாது. இந்தக் கருவி என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் ஈரத்தைத் தனியாக அளந்து கணக்கில் கழிக்கிறார்கள். நாளாக ஆகத் தோல் மூப்படையும்; அளவு மெல்ல மெல்ல நகரும்; அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். கோலம் பழகாத புது ஆவி வந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். எனக்கு அதுவே பெரிது. அன்று 'ஏதோ இருக்கிறது' என்று ஒரு கருவி சொல்லியிருந்தால் போதுமே!

மீட்டரே வேண்டாத தோலும் உண்டு. பாலி அனிலின் என்ற பாலிமரை அமிலம் சேர்த்த நிலையில் மெல்லிய பூச்சாகப் பூசினால் பச்சையாக இருக்கும். அம்மோனியா பட்டால் நீலமாக மாறும். கித்தாப் பால் கட்டிப் போகாமல் இருக்க அம்மோனியா ஊற்றுகிறவர்களுக்கு அதன் கண்ணெரிச்சலைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலைக்குப் பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் எல்லை. 'எனக்குப் பழகிப்போச்சும்மா' என்று சிரிக்கிற அண்ணன்மார்களே, பழகியது உங்கள் மூக்குக்கு மட்டும்தான். நுரையீரலுக்குப் பழகாது. கொட்டகையில் காற்றோட்டம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இந்தக் கருவிகள் நம் பள்ளிக்கு நாளையே வந்துவிடப் போவதில்லை. அதுவரை என் வகுப்பில் நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். சாயம், பசை, மருந்து எது வகுப்பறைப் பக்கம் வந்தாலும் சன்னல்கள் திறந்தே இருக்கும், மழையானாலும் சரி. நான் அடிக்கடி வெளியே போய்த் திடலில் நின்று, மூக்கைப் புதுப்பித்துக்கொண்டு உள்ளே வருவேன். வெளியிலிருந்து புது நெடி வந்தால் காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். யாராவது தலைவலி என்றால் முதலில் வெளியே அனுப்புவேன், விசாரணை பிறகு. கணக்குச் சோதனை நாளிலும் அப்படியே. இதனால் இரண்டு பேர் இதுவரை என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், இப்போது சிரிக்கிறார்கள்.

அன்று எழுந்து நின்று சொன்ன பெண்பிள்ளை இன்று ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். முன்னேற்றத்துக்கான பரிசு வாங்கப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி; கணக்கிலும் தேறிவிட்டாள். 'நடிக்காதே' என்று சொன்னதற்கு அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மாவிடம் நேரில் சொல்ல வாய்ப்பு அமையவில்லை. மரம் வெட்டிவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, இந்தச் சபையிலேயே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகள் சொன்னது உண்மை. என் மூக்கு சொன்னது பொய்.

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். விழா முடிந்ததும் ஜாடிகளை எல்லாரும் வந்து பார்க்கலாம். மண்ணெண்ணெய் ஜாடியின் மூடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், யாரும் திறக்கவேண்டாம். பக்கத்தில் ரூலர் இருக்கிறது. வெளியிலிருந்து வைத்தே அளந்து பார்க்கலாம்.